ஒரே மனிதச் செல், இரண்டு வளர்ப்பு ஊடகங்கள்: வளர்ச்சியும் மருந்து விளைவும் மாறுவது ஏன்?

கேள்வி | வளர்ப்பறை மாணவி

அனைவருக்கும் வணக்கம். எம்சிஎஃப்-7 என்னும் மனித மார்பகப் புற்றுநோய்ச் செல் வரிசையை வைத்து, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இணைந்து செயல்படும் செல் புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தடுக்கும் மருந்துகள் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். எங்கள் ஆய்வகத்தில் இச்செல்களை நெடுநாளாக ஆர்பிஎம்ஐ 1640 ஊடகத்தில், 10 விழுக்காடு கன்றுக்கரு சீரம் (இரத்தம் உறைந்த பின் எஞ்சும் திரவம்) சேர்த்து வளர்த்து வந்தோம். அண்மையில், மற்ற செல் வரிசைகளுக்குப் பயன்படும் டிஎம்இஎம் ஊடகத்துக்கே (லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ் உள்ள வகை) இவற்றையும் மாற்றிவிட்டோம். அதே வாரத்தில் பழைய சீரம் தீர்ந்து, வேறு தொகுதி எண் கொண்ட சீரமும் வந்து சேர்ந்தது.

அதன் பின் செல்கள் முன்னைவிட விரைவாகப் பெருகுகின்றன. ஒன்றோடொன்று இறுக ஒட்டிக்கொண்டு தீவு தீவாக வளர்கின்றன. இவற்றைவிட என்னைக் குழப்புவது மருந்துச் சோதனையின் முடிவுதான். முன்பு எஸ்ட்ராடயோல் என்னும் ஈஸ்ட்ரோஜனைச் சேர்த்த தட்டில் வளர்ச்சி கண்கூடாகக் கூடும். இப்போது சேர்த்த தட்டுக்கும் சேர்க்காத தட்டுக்கும் வேறுபாடு மிகச் சிறிதாகவே இருக்கிறது. ஆனால், எஸ்ட்ராடயோல் சேர்க்காத தட்டிலேயே, ஏற்பியைத் தடுக்கும் மருந்தான 4-ஹைட்ராக்ஸி டமாக்ஸிஃபென் வளர்ச்சியை நன்றாகக் குறைக்கிறது. ஈஸ்ட்ரோஜனே இல்லாத இடத்தில் அதன் எதிர்ப்பு மருந்து எதைத் தடுக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

ஊடகம் என்பது செல்லுக்கு உணவளிக்கும் திரவம்தான், உணவு குறையாமல் இருந்தால் எதில் வளர்த்தாலும் முடிவு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் குழுவில் சிலர் கூறுகிறார்கள். ஊடகத்திலுள்ள எந்தப் பொருள் இவ்வாறான விளைவுகளைத் தரக்கூடும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 | நுண்ணோக்கி

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் விடையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. எஸ்ட்ராடயோல் சேர்க்காத தட்டில் ஈஸ்ட்ரோஜன் இல்லை என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஊடகத்தின் அமில காரத் தன்மையைக் கண்ணால் பார்த்து அறிவதற்காகச் சேர்க்கப்படும் பீனால் சிவப்பு, எம்சிஎஃப்-7 செல்களில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே ஏற்பியைத் தூண்டுகிறது என்பது 1986-ஆம் ஆண்டிலேயே வெளியான செய்தி. அந்தத் தூண்டுதலுக்குக் காரணம் நிறமியா, அதனுடன் கலந்து வரும் மாசுப் பொருளா என்று பின்னர் ஆராய்ந்தபோது, கொழுப்பில் கரையும் ஒரு மாசே பெரிதும் காரணம் என்று தெரிந்தது. அதனால்தான் ஒரு புட்டியில் விளைவு கூடுதலாகவும் இன்னொரு புட்டியில் குறைவாகவும் இருக்கிறது. வழக்கமான ஆர்பிஎம்ஐ 1640-இல் இந்நிறமி லிட்டருக்கு 5 மில்லிகிராம். டிஎம்இஎம்-இல் 15 மில்லிகிராம். ஆக, நீங்கள் ஊடகத்தை மாற்றிய அன்றே, ஈஸ்ட்ரோஜன் போல் செயல்படக்கூடிய ஒரு பொருளை மும்மடங்காக்கி விட்டீர்கள். ஏற்பி ஏற்கெனவே தூண்டப்பட்ட நிலையில் இருந்தால், அதன்மேல் எஸ்ட்ராடயோல் சேர்ப்பதால் கூடுதலாக நிகழ்வது குறைவுதான். அதே காரணத்தால், தடுப்பு மருந்துக்குத் தடுக்க வேண்டிய வேலை அந்தத் தட்டிலும் இருக்கிறது. உங்கள் இரண்டு குழப்பங்களும் ஒரே காரணத்திலிருந்து வந்தவையாக இருக்கலாம்.

செல்கள் தீவுகளாக ஒட்டிக்கொள்வதற்கு நான் முதலில் ஐயுறுவது கால்சியத்தை. ஆர்பிஎம்ஐ 1640 இரத்த வெள்ளணுக்களை மிதக்கும் நிலையில் வளர்ப்பதற்காக 1960-களில் ரோஸ்வெல் பார்க் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. அதில் கால்சியம் ஏறத்தாழ 0.4 மில்லிமோலார் மட்டுமே. பாஸ்பேட்டோ மிக அதிகம். டிஎம்இஎம்-இல் கால்சியம் 1.8 மில்லிமோலார். அருகருகே உள்ள மேல்தோலியச் செல்களை (உறுப்புகளின் பரப்புகளை மூடும் செல்களை) பிணைக்கும் இ-காடெரின் புரதம் கால்சியம் இல்லாமல் தன் வடிவத்தையே பெறாது. எம்சிஎஃப்-7 அப்புரதத்தை நிறைய வெளிப்படுத்தும் செல் என்பதால், கால்சியம் நான்கு மடங்குக்கு மேல் ஏறியவுடன் பிணைப்பு இறுகுவதில் வியப்பில்லை.

உணவு என்ற அளவில் பார்த்தாலும் இரண்டும் வேறு வேறு சமையல் என்பதை உங்கள் குழுவினரிடம் சொல்லுங்கள். அமெரிக்க ஆய்வாளர் ஹாரி ஈகிள் 1950-களில் கேட்ட கேள்வி, செல் உயிரோடு பெருகுவதற்கு எவையெவை இல்லாமல் முடியாது என்பதுதான். குளுட்டமின் உட்பட 13 அமினோ அமிலங்கள், சில வைட்டமின்கள், உப்புகள், குளுக்கோஸ், இவற்றோடு சிறிதளவு சீரம் என்ற அவருடைய விடையிலிருந்து 1959-இல் குறைந்தபட்ச ஊடகம் பிறந்தது. டிஎம்இஎம் அவருடைய தொடக்கக் கலவையைச் செறிவாக்கி, அமினோ அமிலங்களையும் வைட்டமின்களையும் ஏறத்தாழ நான்கு மடங்காக்கியது. ஆனால் அதில் அஸ்பராஜின், புரோலின், குளுட்டமிக் அமிலம் ஆகியவை கிடையாது. பயோட்டினும் வைட்டமின் பி12-உம் கிடையாது. ஆர்பிஎம்ஐ-யில் இவையெல்லாம் உண்டு. கிடைக்காததைச் செல் தானே தயாரித்துக்கொள்ள வேண்டும், அல்லது சீரத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டில் எதைச் செய்கிறது என்பது அதன் வளர்சிதை மாற்றத்தையே திருப்பிவிடும்.

கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து ஊடகத்தின் அமில காரத் தன்மையை (பிஎச்) தீர்மானிக்கும் பைகார்பனேட்டையும் பாருங்கள். ஆர்பிஎம்ஐ-யில் லிட்டருக்கு 2 கிராம், டிஎம்இஎம்-இல் 3.7 கிராம். பின்னது 10 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடுக்காக வகுக்கப்பட்டது. உங்கள் இன்குபேட்டர் 5 விழுக்காட்டில் இயங்கினால், சமநிலைக் கணக்கின்படி பிஎச் 7.7-ஐ ஒட்டிப் போய்விடும். அதே இன்குபேட்டரில் ஆர்பிஎம்ஐ 7.4-ஐ ஒட்டி நிற்கும். செல்கள் லாக்டிக் அமிலத்தை வெளியிடத் தொடங்கியதும் இந்த வேறுபாடு குறைந்துவிடும் என்றாலும், அடர்த்தி குறைவாக விதைத்த தட்டுகளில் முதல் இரண்டு நாட்கள் அது நீடிக்கும்.

பதில் 2 | எண்ணிக்கை

வளர்ச்சியை எவ்வாறு அளந்தீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. எம்டிடி சாயச் சோதனை என்றால், அந்தச் சாயத்தை நிறம் மாற்றுவது செல்லின் வளர்சிதை மாற்றமே தவிர, செல்லின் எண்ணிக்கை அன்று. குளுக்கோஸ் 11 மில்லிமோலாரிலிருந்து 25 மில்லிமோலாராக ஏறினால், செல்கள் பெருகாமலேயே அளவீடு மாறக்கூடும். இறந்த செல்களை மட்டும் நிறமேற்றும் டிரிப்பான் நீலம் சேர்த்துச் செல்களை எண்ணிப் பாருங்கள், அல்லது டிஎன்ஏ அளவை நேரடியாகக் காட்டும் முறை ஒன்றைப் பயன்படுத்துங்கள். எண்ணிக்கையிலும் அதே வேறுபாடு வந்தால் மட்டுமே மற்றவற்றைப் பேசுவதற்குப் பொருள் உண்டு.

இன்னொன்று, செல் வளர்ப்புகளில் மறைவாகத் தொற்றும் மைக்கோபிளாஸ்மா என்னும் பாக்டீரியாவுக்கான சோதனை. சில மைக்கோபிளாஸ்மா இனங்கள் ஊடகத்திலுள்ள அர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தைத் தின்று தீர்த்துவிடும். ஊடகத்தை மாற்றும்போது அதன் அர்ஜினின் அளவும் மாறுவதால் செல்களின் வளர்ச்சி மாறித் தோன்றலாம், தொற்றோ மறைந்தே கிடக்கும்.

பதில் 3 | சீரத்தின் பக்கம் நிற்பவர்

நுண்ணோக்கி அவர்கள் கூறியவை அனைத்தும் சரியே. ஆயினும் அடிப்படை ஊடகத்தின் மீது இவ்வளவு பழியைப் போடுவதற்கு முன், புதிய சீரத் தொகுதியைச் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அடிப்படை ஊடகத்தில் உள்ளவை எவை, எவ்வளவு என்பது புட்டியின் மீதே அச்சிட்டிருக்கும் அல்லது அட்டவணையில் கிடைக்கும். சீரத்தில் அவ்வாறு எதுவும் இல்லை. அல்புமின், ஃபெட்டுவின், டிரான்ஸ்ஃபெரின், கொழுப்புகள், ஸ்டீராய்டு ஹார்மோன்கள், தைராய்டு ஹார்மோன்கள், இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணிகள், செல்லைத் தட்டின் மீது ஒட்டவைக்கும் ஃபைப்ரோனெக்டின், விட்ரோனெக்டின் என எத்தனையோ பொருள்கள், கன்றுக்குக் கன்று, தொகுதிக்குத் தொகுதி வேறு வேறு அளவில் அதில் கலந்திருக்கின்றன. எஸ்ட்ராடயோலும் அவற்றில் ஒன்று. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைப் பற்றிய சோதனையில், கரி கொண்டு ஸ்டீராய்டுகளை நீக்கிய சீரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். பீனால் சிவப்பு இல்லாத ஊடகத்தில் சாதாரணச் சீரத்தைச் சேர்த்தால் பாதிக் கிணறு தாண்டியது போலத்தான். ஆனால் கரி ஸ்டீராய்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்து நீக்குவதில்லை. கொழுப்பில் கரையும் வைட்டமின்கள், தைராய்டு ஹார்மோன்கள், சில வளர்ச்சிக் காரணிகள் ஆகியவற்றையும் கூடவே எடுத்துவிடும். எனவே அத்தகைய சீரத்தில் செல்களின் வேகம் குறைந்தால், ஈஸ்ட்ரோஜன் நீங்கியதுதான் காரணம் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். எஸ்ட்ராடயோலை மட்டும் திரும்பச் சேர்த்து, வேகம் மீள்கிறதா என்று பார்த்த பிறகே அவ்வாறு கூறலாம்.

சீரம் என்றாலே வளர்ச்சிக்கு நல்லது என்ற எண்ணமும் ஆராயத்தக்கது. உடம்பில் பெரும்பாலான செல்கள் சீரத்தைச் சந்திப்பதே இல்லை. அவை காண்பது பிளாஸ்மாவிலிருந்து வடிந்து வரும் திரவத்தைத்தான். இரத்தம் உறைந்து, தட்டணுக்கள் உடைந்து தம் உள்ளடக்கத்தைக் கொட்டிய பிறகு எஞ்சுவதே சீரம். 1974-இல் ரஸ்ஸல் ராஸும் அவர் குழுவினரும், உறைந்த இரத்தத்திலிருந்து எடுத்த சீரம் தமனிச் சுவரின் மென்தசைச் செல்களைப் பெருகச் செய்கிறது என்றும், தட்டணுக்களை முன்பே நீக்கிய பிளாஸ்மாவிலிருந்து எடுத்த சீரம் அவ்வாறு செய்வதில்லை என்றும் காட்டினார்கள். தட்டணு வழி வளர்ச்சிக் காரணி என்று நாம் இன்று அழைக்கும் புரதத்துக்கு அந்தச் சோதனை வழி திறந்தது. அதாவது, 10 விழுக்காடு சீரத்தில் வளரும் நார்ச்செல், ஆறவேண்டிய காயம் ஒன்று அருகில் இருக்கிறது என்ற செய்தியை இடைவிடாமல் பெற்றுக்கொண்டே இருக்கிறது.

மேல்தோலியச் செல்களிடத்தில் இதே செய்தி தலைகீழாக வேலை செய்வதுண்டு. சீரத்தில் உள்ள டிஜிஎஃப்-பீட்டா என்னும் வளர்ச்சிக் காரணி, மனித மூச்சுக்குழாய் மேல்தோலியச் செல்களின் பெருக்கத்தை நிறுத்தி, அவற்றைத் தட்டைச் செல்களாக முதிரச் செய்துவிடும். தோலின் மேலடுக்குச் செல்களான கெரட்டினோசைட்டுகளும் அப்படித்தான். சீரமில்லாத ஊடகத்தில் கால்சியத்தை 0.1 மில்லிமோலார் அளவிலோ அதற்குக் கீழோ வைத்தால் அவை தொடர்ந்து பெருகும். 1 மில்லிமோலாருக்கு மேல் உயர்த்தினால் அடுக்கடுக்காக முதிரத் தொடங்கும். ஒரே தோல் துண்டிலிருந்து பிரித்த செல்களைச் சீரமுள்ள டிஎம்இஎம்-இல் இட்டால், நாளடைவில் தட்டு முழுவதும் நார்ச்செல்களே நிறைந்திருப்பதையும், கெரட்டினோசைட் ஊடகத்தில் இட்டால் கூழாங்கல் பரப்பியதுபோல் மேல்தோலியச் செல்கள் மட்டும் படர்ந்திருப்பதையும் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், ஊடகத்தை வெறும் உணவு என்று சொல்ல மாட்டார்கள்.

கேள்வி கேட்டவர் | வளர்ப்பறை மாணவி

மிக விரிவாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. சில விவரங்களைச் சேர்க்கிறேன். நாங்கள் அளந்தது எம்டிடி முறையில்தான். இவ்வாரம் செல்களை எண்ணிப் பார்க்கிறேன். மைக்கோபிளாஸ்மா சோதனை மாதந்தோறும் நடக்கிறது, தொற்று இல்லை. பழைய நடைமுறையில் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் இன்சுலினும் சேர்த்து வந்திருக்கிறோம். டிஎம்இஎம்-க்கு மாறியபோது அதை விட்டுவிட்டோம் என்று இப்போதுதான் குறிப்பேட்டில் பார்த்தேன். மேலும், மனித பிளாஸ்மாவை ஒத்த புதிய ஊடகங்கள் கிடைப்பதாகப் படித்தேன். அவற்றுக்கே மாறிவிட்டால் இந்தச் சிக்கல்கள் தீர்ந்துவிடுமா?

பதில் 4 | வளர்சிதை

இன்சுலினை நிறுத்திய பிறகும் செல்கள் விரைவாகப் பெருகுகின்றன என்பது கவனிக்க வேண்டிய செய்தி. மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது, உணவுண்ணாத நிலையில் மனித இரத்தத்தில் இருக்கும் இன்சுலினைப் போலப் பல ஆயிரம் மடங்கு. அந்த அளவில் அது தன் ஏற்பியோடு நிற்காமல், இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பியையும் தூண்டும். எம்சிஎஃப்-7 செல்களில் அந்தப் பாதையும் ஈஸ்ட்ரோஜன் பாதையும் ஒன்றையொன்று வலுப்படுத்துபவை. எனவே நீங்கள் ஒரே வாரத்தில் மாற்றியது அடிப்படை ஊடகம், சீரம், இன்சுலின் ஆகிய மூன்றையும். அதில் ஒன்று குறைந்தபோதும் வளர்ச்சி கூடியிருக்கிறது என்றால், மற்ற இரண்டில் ஒன்று வலுவாகத் தூண்டுகிறது. அல்லது எம்டிடி அளவீடு உங்களை ஏமாற்றுகிறது.

பிளாஸ்மாவை ஒத்த ஊடகங்களைப் பற்றி: அவை தேவையானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. வழக்கமான ஊடகங்களின் அளவுகள் செல்லை வேகமாகப் பெருக்குவதற்காகவும், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை மட்டும் ஊடகத்தை மாற்றினால் போதும் என்ற வசதிக்காகவும் தேர்ந்தெடுக்கப்பட்டவை. இரத்தத்தில் குளுக்கோஸ் 5 மில்லிமோலார் அளவில் இருக்க, உங்கள் டிஎம்இஎம்-இல் அது 25. இரத்தத்தில் குளுட்டமின் 0.5 முதல் 0.7 மில்லிமோலார் வரை, டிஎம்இஎம்-இல் 4. அந்தக் குளுட்டமினும் நிலையாக இருப்பதில்லை. 37 டிகிரியில் தானாகவே சிதைந்து அமோனியாவை விடுவிக்கும். பழைய புட்டியில் குளுட்டமின் குறைந்திருப்பதோடு நச்சும் சேர்ந்திருக்கும். அலனில்-குளுட்டமின் இரட்டைப் பெப்டைடைப் பயன்படுத்துவது அதைத் தவிர்க்கத்தான்.

ஊடகத்தில் இல்லாத பொருள்களும் விளைவைத் தருகின்றன என்பதற்கு யூரிக் அமிலம் நல்ல எடுத்துக்காட்டு. மனிதருக்கு யூரிக்கேஸ் நொதி செயல்படுவதில்லை என்பதால் நம் பிளாஸ்மாவில் யூரிக் அமிலம் சுண்டெலியின் பிளாஸ்மாவைவிடப் பன்மடங்கு அதிகம். வழக்கமான ஊடகங்களிலோ அது இல்லவே இல்லை. 2017-இல் ஜேசன் கேன்டர், டேவிட் சபாட்டினி ஆகியோரின் குழு மனித பிளாஸ்மாவின் அளவுகளைப் பின்பற்றி ஓர் ஊடகத்தை உருவாக்கியபோது, அந்த யூரிக் அமிலம் பிரிமிடின் தயாரிப்பில் பங்குபெறும் யூஎம்பி சின்தேஸ் நொதியைத் தடுப்பதையும், அதன் விளைவாக 5-ஃபுளூரோயுராசில் என்னும் புற்றுநோய் மருந்துக்குச் செல்கள் குறைவாகவே மசிவதையும் கண்டது. மருந்தும் மாறவில்லை, செல்லும் மாறவில்லை. ஊடகத்தில் ஒரே ஒரு சிறு மூலக்கூறு சேர்ந்தது.

மருந்தாய்வு செய்பவர்களுக்கு ஃபோலேட்டும் நினைவிருக்க வேண்டும். ஃபோலிக் அமிலம் ஆர்பிஎம்ஐ-யில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், டிஎம்இஎம்-இல் 4 மில்லிகிராம். இரண்டுமே இரத்த அளவுக்கு வெகு மேலே. ஹாமின் எஃப்12 ஊடகத்தில் ஹைப்போசாந்தினும் தைமிடினும் உண்டு. ஃபோலேட்டின் வேலையைத் தடுக்கும் மருந்தான மெத்தோட்ரெக்சேட் அடைத்த பாதையைச் சுற்றிக்கொண்டு போவதற்குச் செல்லுக்கு அவை இரண்டும் போதும். எஃப்12 கலந்த ஊடகத்தில் மெத்தோட்ரெக்சேட் வேலை செய்யவில்லை என்று யாராவது எழுதினால், நான் முதலில் பார்ப்பது அந்த இரண்டு பொருள்களைத்தான். தாவரப் பாலிபீனால்களைச் சோதிப்பவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது: அவற்றில் பல, டிஎம்இஎம்-இல் செல்லே இல்லாதபோதும் தாமாக ஆக்சிஜனேற்றமடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். ஊடகத்தில் பைருவேட் இருந்தால் அந்தப் பெராக்சைடு அழிக்கப்பட்டுவிடும். ஆகவே ஒரே சாறு, பைருவேட் உள்ள டிஎம்இஎம்-இல் தீங்கற்றதாகவும், பைருவேட் இல்லாத டிஎம்இஎம்-இல் புற்றுநோய்ச் செல்களைக் கொல்வதாகவும் தோன்றும். இரண்டு புட்டிகளின் மீதும் டிஎம்இஎம் என்றுதான் எழுதியிருக்கும்.

இவ்வளவு கூறிய பிறகும், நீங்கள் உடனே பிளாஸ்மா ஊடகத்துக்கு மாற வேண்டாம் என்றே சொல்வேன். அதில் சத்துகள் குறைவாக இருப்பதால் ஊடகத்தை அடிக்கடி மாற்ற வேண்டும். அடர்த்தியான தட்டில் குளுக்கோஸ் விரைவில் தீர்ந்துவிடும். அதிலும் சாதாரணச் சீரத்தைக் கலந்தால், சீரத்தோடு வரும் சிறு மூலக்கூறுகள் நீங்கள் கவனமாக வகுத்த அளவுகளைக் குலைக்கும். சிறு மூலக்கூறுகளை வடித்து நீக்கிய, அதாவது டயாலிசிஸ் செய்த சீரம் தேவைப்படும். உங்கள் கேள்வி ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைப் பற்றியது. அதற்கு இப்போது வேண்டியது புதிய ஊடகம் அன்று, ஈஸ்ட்ரோஜன் இல்லாத ஊடகம்.

பதில் 5 | நுண்ணோக்கி

வளர்சிதை அவர்களின் கடைசி வரிகளை ஏற்கிறேன். சீரம் குறித்து எழுதியவரின் வாதத்தையும் ஏற்கிறேன். ஆனால் யார் சொல்வது சரி என்பதை இங்கே விவாதித்துத் தீர்க்க வேண்டியதில்லை, தட்டிலேயே தீர்க்கலாம். பழைய சீரம் ஒரு சிறு குழாய் அளவாவது உறைநிலைப் பெட்டியில் எஞ்சியிருக்கும் என்று நம்புகிறேன். இரண்டு அடிப்படை ஊடகங்கள், இரண்டு சீரங்கள் என்று நான்கு சேர்க்கைகளையும் ஒரே நாளில், ஒரே குடுவையிலிருந்து எடுத்த செல்களை ஒரே அடர்த்தியில் விதைத்து, இன்சுலின் இல்லாமல் நடத்துங்கள். சீரத்தின் பங்கும் ஊடகத்தின் பங்கும் அதிலேயே பிரிந்துவிடும். விதைப்பதற்கு முன் செல்களை நான்கு சேர்க்கைகளிலும் சில மறுவளர்ப்புகளாவது (நிறைந்த தட்டிலிருந்து புதிய தட்டுக்கு மாற்றும் சுற்றுகள்) பழக்கப்படுத்துவது நல்லது. மாற்றிய மறுநாளே அளந்தால், நீங்கள் அளப்பது மாற்றத்தின் அதிர்ச்சியாகவும் இருக்கலாம்.

எஸ்ட்ராடயோல் சோதனையைத் தனியாக வையுங்கள். அதற்கு ஆர்பிஎம்ஐ-யோ டிஎம்இஎம்-ஓ, எதுவானாலும் பீனால் சிவப்பு இல்லாத வகையும், கரியால் சுத்திகரித்த சீரமும் இருந்தால் போதும். இன்குபேட்டர் 5 விழுக்காடு என்றால் எனக்கு ஆர்பிஎம்ஐ-யே மேல்.

கேள்வி கேட்டவர் | வளர்ப்பறை மாணவி

பழைய சீரம் 50 மில்லிலிட்டர் இருக்கிறது, ஐயா. நான்கு சேர்க்கைகளையும் தொடங்குகிறேன். எஸ்ட்ராடயோல் சோதனையில், சுத்திகரித்த சீரத்துக்கு மாற்றிய உடனே மருந்தைச் சேர்க்கலாமா?

பதில் 6 | சீரத்தின் பக்கம் நிற்பவர்

கூடாது. சாதாரணச் சீரத்தில் வளர்ந்த செல்கள் ஸ்டீராய்டுகளைத் தம் சவ்வுகளிலும் கொழுப்புத் துளிகளிலும் சுமந்துகொண்டுதான் வரும். குறைந்தது மூன்று நாட்களாவது சுத்திகரித்த சீரத்தில், இடையில் ஊடகத்தை மாற்றிக் கழுவி வைத்திருந்து, அதன் பிறகு எஸ்ட்ராடயோலையும் மருந்தையும் சேருங்கள். அந்த மூன்று நாட்களில் செல்களின் பெருக்கம் ஏறத்தாழ நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் ஈஸ்ட்ரோஜன் இன்னும் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். முடிவை எழுதும்போது ஊடகத்தின் பெயரை மட்டும் எழுதாமல் கேடலாக் எண்ணையும் சீரத்தின் தொகுதி எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். குளுக்கோஸ், பைருவேட், பீனால் சிவப்பு ஆகியவற்றின் அளவு அந்த எண்ணை வைத்துத்தான் மற்றவர்களுக்குத் தெரியவரும்.